தராசில் ஏற்றுவதற்கு முன்: மும்பையில் பழைய வெள்ளிக் காசு விற்கப் போகிறவர்களுக்கு

தாத்தாவின் ட்ரங்குப் பெட்டியில் ஒரு சுருக்குப்பை இருந்தது. அதற்குள் 46 வெள்ளிக் காசுகள். திருவாரூர் வீட்டை விற்றபோது அம்மா அந்தப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு தாதரில் வந்து இறங்கினாள். மாட்டுங்கா வீட்டில் அதை வைக்கப் பத்திரமான இடம் இல்லை. லாக்கரும் இல்லை. "வித்துடலாம்டா" என்றாள்.

அடுத்த சனிக்கிழமையே 11 காசுகளை எடுத்துக்கொண்டு நகைக் கடைத் தெருவுக்குப் போனேன். தராசில் போட்டார்கள், ஏதோ கழித்தார்கள், கையில் பணம் கொடுத்தார்கள். இருபது நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது. படம் எடுக்கவில்லை, ஆண்டைக் குறித்துக்கொள்ளவில்லை. அந்தப் பதினொன்றில் என்னென்ன இருந்தன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மீதி 35 காசுகளுக்காக ஏழு மாதம் அலைந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பை இருந்தால், கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

1. துலக்காதீர்கள்

வெள்ளியைக் கண்டால் நம் வீடுகளில் கை தானாக விபூதி டப்பாவைத் தேடும். வெள்ளிக்கிழமை பூஜைக்காக அம்மா ஆறு விக்டோரியா காசுகளை விபூதி போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்துவிட்டாள். பார்க்க அழகாகத்தான் இருந்தன. பிற்பாடு அவற்றைப் பார்த்த மூன்று பேரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

காரணம் இதுதான். எவ்வளவு மிருதுவான பொடியானாலும் வெள்ளியின் மேல் முடி போன்ற கீறல்களைப் போட்டுவிடும். கருமையும் நீலமும் பழுப்புமாகப் படிந்திருக்கும் மேல்பூச்சை நாம் அழுக்கு என்கிறோம். சேகரிப்பவர்கள் அதை டோனிங் என்று சொல்லி, அதற்கென்றே கூடுதல் காசு கொடுக்கிறார்கள். அதை ஒருமுறை எடுத்துவிட்டால் திரும்ப வராது. துலக்கிய காசு பல சமயம் வெறும் வெள்ளி விலைக்கு இறங்கிவிடும்.

புளி, எலுமிச்சை, பல்பொடி, சோடா உப்பு, கடையில் விற்கும் சில்வர் டிப் எதுவும் வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் ஊறவிட்டு, பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். காசை எப்போதும் விளிம்பைப் பிடித்தே எடுங்கள்.

ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைக்கவே கூடாது. அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். வழவழப்பான மிருதுவான பிளாஸ்டிக் உறைகளும் நாளடைவில் பச்சைப் பிசுக்கைக் கக்கும். ஃபோர்ட் பக்கம் நாணயக் கடைகளில் இரண்டு அங்குலச் சதுர அட்டை உறைகள் சில ரூபாய்க்கே கிடைக்கின்றன. காசுக்கு ஒன்று வீதம் வாங்கிவிடுங்கள்.

2. படமும் பட்டியலும்

ஒரு ஞாயிறு சாயங்காலம் போதும். ஒவ்வொரு காசுக்கும் ஓர் எண் கொடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், முடிந்தால் விளிம்பு என்று மூன்று படம் எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தால் எழுத்து தெளிவாகத் தெரியும். நோட்டில் எண், ஆண்டு, யார் தலை, எடை, ஏதாவது தழும்பு என்று ஐந்து கட்டம் போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இது வெறும் ஒழுங்குக்காக இல்லை. கடையில் காசு மாறிப் போனால் நிரூபிக்க இந்தப் படம் வேண்டும். அண்ணன் தம்பிக்குள் கணக்குக் கேள்வி வந்தாலும் இதுதான் கைகொடுக்கும். ரயிலில் யாராவது நிறுத்திக் கேட்டால் காட்டவும் இதே பட்டியல்தான். ஊரிலிருந்து கொண்டுவருவதாக இருந்தால் தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். அப்போது சோதனை கடுமையாக இருக்கும்.

3. குவியல் குவியலாகப் பிரியுங்கள்

எனக்கு நிறைய நேரம் பிடித்தது இதில்தான். வெள்ளி மாதிரி இருப்பதெல்லாம் வெள்ளி இல்லை, வெள்ளியாக இருப்பதெல்லாம் ஒரே தரமும் இல்லை.

முதல் குவியல், நம் பாட்டிகள் ராணித் தலை, ராஜாத் தலை என்று சொன்ன ஒரு ரூபாய்கள். 1835 முதல் 1939 வரை ஆண்டு போட்டவை. எடை 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா. இவற்றில் வெள்ளி 91.7 சதவீதம். அரை ரூபாய் இதில் பாதி எடை, கால் ரூபாய் கால்வாசி, இரண்டணா எட்டில் ஒரு பங்கு. இவற்றில் ஆண்டை வாசிப்பதிலேயே இரண்டு சிக்கல் உண்டு. 1835 காசில் நான்காம் வில்லியத்தின் பெயருக்குப் பக்கத்தில் நான்கு கோடுகள் போட்டிருக்கும். ரோமன் எண்ணில் நான்கை நாம் அப்படி எழுதுவதில்லை என்பதால், இது பிழைக் காசு, லட்சக்கணக்கில் போகும் என்று கதை விடுவார்கள். பிழை இல்லை. அந்தக் காசுகள் எல்லாமே அப்படித்தான். இன்னொன்று, 1862 என்று போட்ட விக்டோரியா காசு. ஆண்டை மாற்றாமலே 1874 வரை அதே எண்ணைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். பம்பாய் நாணயச் சாலையில் (காசு அடிக்கும் இடம், இனி வெறும் சாலை என்றே சொல்கிறேன்) அடித்தவற்றில் புள்ளிகளை வைத்து எந்த ஆண்டு என்று பிரித்துப் பார்க்கிறார்கள். ஆகவே 1862 காசு நான்கு இருந்தால் நான்கும் ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். பூதக்கண்ணாடி வைத்துப் புள்ளிகளை எண்ணுங்கள்.

இரண்டாம் குவியல் 1940 முதல் 1945 வரை ஆண்டு போட்ட ஆறாம் ஜார்ஜ் ரூபாய்கள். எடை அதேதான். ஆனால் வெள்ளி பாதிதான், மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். கடைக்காரர் உங்கள் எல்லாக் காசையும் ஒரே தட்டில் கொட்டினால் முதல் குவியலுக்கும் இந்தப் பாதி விலையைப் போட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. எனக்கு அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, வெள்ளி மாதிரி மினுக்கும் நிக்கல். பின்பக்கம் புலி நடக்கும் 1947 ரூபாய் சுத்த நிக்கல். காந்தத்தில் ஒட்டும். பலர் இதைத்தான் ஜாக்கெட் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருக்கிறார்கள்.

நான்காவது, சுதந்திரத்துக்குப் பின் வந்த பத்து ரூபாய் வெள்ளிகள். 1969 காந்தி நூற்றாண்டுக் காசு 15 கிராம், 80 சதவீத வெள்ளி. 1972 சுதந்திர வெள்ளிவிழாக் காசு 22.5 கிராம், 50 சதவீதம். அதே காந்தி தலை போட்ட ஒரு ரூபாயில் வெள்ளி இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது குவியல்தான் முக்கியம்: மேலே சொன்ன எதிலும் சேராதவை. ஒழுங்கில்லாத வட்டம், பாரசீக எழுத்து, கோயில், தாமரை, பிறை, சார்மினார் என்று எது தெரிந்தாலும் தனியே எடுத்து வையுங்கள். தெரியாத காசை எடை போட விடாதீர்கள்.

எங்கள் பையில் அப்படி இரண்டு இருந்தன. ஒன்று ராமர் பட்டாபிஷேகமும் கிழக்கிந்தியக் கம்பெனி 1818 என்ற எழுத்தும் கொண்ட பெரிய காசு. பூஜையில் தனித் தட்டில் இருந்தது இதுதான். இன்னொன்று கறுத்துப்போய், ஒரு பக்கம் கோபுரமும் நட்சத்திரங்களும், மறுபக்கம் புள்ளிகளுக்கு நடுவே ஒரு தெய்வ உருவமுமாக இருந்தது. அதை ஒரு கடைக்காரர் "கோயில் டோக்கன்" என்று ஒதுக்கி, வெள்ளி விலை மட்டும் தருவதாகச் சொன்னார்.

உண்மை தலைகீழாக இருந்தது. ராமர் காசைக் கம்பெனி அடிக்கவே இல்லை. கோயில் வாசல் கடைகளில் விற்பதற்காகப் பிற்காலத்தில் செய்த பித்தளைப் பண்டம் அது. நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. அனுமார், துர்க்கை போட்டும் உண்டு. கோபுரக் காசோ சென்னை சாலையில் 1807 வாக்கில் கம்பெனியே அடித்த வெள்ளி அரை வராகன். எடை சுமார் 21 கிராம். சுற்றியிருந்த எழுத்தை டார்ச் அடித்துப் பார்த்தபோது தமிழ் எழுத்து தெரிந்தது. "பூ வராகன்" என்று எழுத்துக் கூட்டி முதலில் படித்தது அம்மாதான். மும்பையில் எந்தக் கடைக்காரரும் படிக்க முடியாததை நாம் படிக்க முடியும். அந்தச் சௌகரியத்தை விட்டுவிடாதீர்கள்.

இதே வகையில் தஞ்சை, ஆற்காடு, புதுவைப் பக்கத்து வீடுகளில் ஆற்காடு ரூபாய் கிடைக்கலாம். தாமரைக் குறி இருந்தால் சென்னைச் சாலை, பிறைக் குறி இருந்தால் பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி. நாகர்கோவில்காரர்கள் மிளகைத் தட்டிவிட்டது மாதிரி இருக்கும் திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரங்களைக் குண்டுமணி என்று நினைத்துக் கொட்டிவிட வேண்டாம். புதுக்கோட்டை அம்மன் காசு மட்டும் செம்பு, வெள்ளியில் சேராது.

4. எடை, காந்தம், தண்ணீர்

மூன்று சாமான் போதும். 0.01 கிராம் வரை காட்டும் சிறு டிஜிட்டல் தராசு, சில நூறு ரூபாய். பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி. ஒரு காந்தம்.

காந்தத்தில் ஒட்டினால் வெள்ளி இல்லை, அவ்வளவுதான். ஒட்டவில்லை என்பதால் மட்டும் வெள்ளி ஆகிவிடாது. பித்தளையும் ஒட்டாது.

ஒரு ரூபாய்க் காசின் எடை 11.3 முதல் 11.7 வரை இருந்தால் கவலை வேண்டாம், தேய்மானம் அவ்வளவு இருக்கும். 10 கிராம் 10.5 கிராம் என்று காட்டினால் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் தண்ணீர்ச் சோதனை. லேசான பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கண்ணாடி டம்ளர் வைத்தால் சின்னத் தராசு தாங்காது. காசைத் தையல் நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ இடிக்காமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். நீர்க்குமிழி ஒட்டியிருந்தால் மெல்ல ஆட்டி விடுங்கள். தராசு ஓர் எண் காட்டும். காசின் எடையை அந்த எண்ணால் வகுங்கள். 91.7 சதவீத வெள்ளி ரூபாய்க்கு விடை 10.3 பக்கம் வரும். பாதி வெள்ளிக்கு 9.5 பக்கம். பித்தளைக்கு எட்டரை. ஒரு நல்ல ராணி ரூபாய்க்குத் தராசில் 1.13 காட்டும், 1940களின் ரூபாய்க்கு 1.22. வித்தியாசம் சின்னதுதான், மூன்று தடவை செய்து சராசரி பாருங்கள். முடிந்ததும் ஒற்றித் துடைத்து வையுங்கள்.

வெள்ளியிலேயே செய்த போலிகளும் உண்டு. அவை இந்தச் சோதனையைத் தாண்டிவிடும். விளிம்பைப் பாருங்கள். ஒரிஜினலில் வரிகள் ஒரே சீராக, கூர்மையாக இருக்கும். வார்த்து எடுத்த போலியில் விளிம்பைச் சுற்றி ஒரு தையல்கோடு தெரியும், எழுத்துகள் சோப்பில் செய்தது மாதிரி மழுங்கியிருக்கும், பரப்பில் ஊசிக்குத்துப் போல சிறு குழிகள் இருக்கும். தரையில் போட்டு ஓசை கேட்பது சினிமாவுக்கு நன்றாக இருக்கும். உங்கள் காசின் விளிம்பு நசுங்கும்.

5. எது அரிது, எது வெறும் பழசு

பழசு என்பதாலேயே விலை வராது. 1840 விக்டோரியா ரூபாய் உங்கள் கொள்ளுப்பாட்டிக்கும் மூத்தது. ஆனால் ஏராளமாக அடிக்கப்பட்டது. ஐந்தாம் ஜார்ஜின் 1917, 1918 ரூபாய்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் கோடிக்கணக்கில் வெளிவந்தவை. சாதாரண நிலையில் இருந்தால் வெள்ளி விலையோடு சின்ன ஒரு கூடுதல், அவ்வளவுதான் கிடைக்கும்.

நின்று பார்க்க வேண்டிய ஆண்டுகள் சில இருக்கின்றன. 1911 ரூபாயில் ராஜாவின் அங்கியில் இருக்கும் யானைக்குத் தும்பிக்கை குட்டையாகப் போய், பன்றி மாதிரி தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். 1912 முதல் தும்பிக்கை நீண்டுவிட்டது. சந்தையில் இதைப் பன்றி ரூபாய் என்பார்கள். 1917இல் உள்ள 7ஐச் சுரண்டி 1 ஆக்கிப் போலி செய்பவன் யானையை மாற்ற மாட்டான். அதனால் ஆண்டை நம்பாதீர்கள், யானையைப் பாருங்கள்.

1921, 1922 ரூபாய்கள் குறைவாகவே கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலே 1939. நல்ல வெள்ளியில் வந்த கடைசி ஆண்டு அது. தேடுபவர்கள் அதிகம் என்பதால் போலியும் அதிகம். 1938இன் எட்டைச் செதுக்கி ஒன்பதாக்குவார்கள். கடைசி எண்ணைச் சுற்றிய பரப்பு மற்ற இடத்தைவிட வழவழப்பாகவோ சொரசொரப்பாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர்ச் சோதனையில் 9.5 காட்டும் 1939 ரூபாயைக் கையில் வாங்காதீர்கள்.

ஒரே ஆண்டிலும் எந்தச் சாலையில் அடித்தது என்பதை வைத்து விலை மாறும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயின் பின்பக்கத்தில், அடியில் இருக்கும் தாமரைக்குக் கீழே சின்னப் புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா. முகத்தின் கழுத்து வெட்டில் சின்ன எழுத்துகள் இருக்கின்றனவா, இலைகளுக்கு நடுவே எத்தனை கனிகள் என்பதெல்லாம் 1835, 1840 காசுகளுக்கு விலையைக் கூட்டிக் குறைக்கும். இதை நீங்களே கரைத்துக் குடிக்க வேண்டியதில்லை. படம் தெளிவாக இருந்தால் தெரிந்தவர் சொல்லிவிடுவார்.

6. நிலை

ஒரே ஆண்டு, ஒரே சாலை, ஒரே எடை. ஒன்று வெள்ளி விலைக்குப் போகும், இன்னொன்று அதைப்போலப் பல மடங்கு போகும். ராணியின் முடியிழை, ஆடையின் பூவேலை எவ்வளவு தேயாமல் இருக்கின்றன என்பதே வித்தியாசம். விஎஃப், எக்ஸ்எஃப், யுஎன்சி என்று வியாபாரிகள் சொல்வது இந்தப் படிகளைத்தான். யுஎன்சி என்றால் புழக்கத்துக்கே போகாதது. சுருக்குப்பையில் ஒன்றோடு ஒன்று உரசிக்கிடந்த காசு அந்தப் படிக்கு வருவது அபூர்வம். ஆசைப்படாதீர்கள்.

நம் ஊர்க் காசுகளுக்கென்றே ஒரு நோய் உண்டு. கழுத்தில் போட வளையம் வைத்துப் பற்றவைத்து, பிறகு எடுத்திருப்பார்கள். மேல் விளிம்பில் அந்தத் தழும்பு தெரியும். சராஃபுகள், அதாவது அந்தக் காலத்துக் காசு மாற்றும் வியாபாரிகள், வெள்ளியைச் சோதிக்கக் குத்திய சின்னக் குறிகளும் இருக்கும். இரண்டும் விலையைக் குறைக்கும். வாங்குபவர் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள், பேச்சு சுமுகமாகப் போகும்.

7. அடிமட்ட விலை

கடைக்குப் போகும் அன்று காலை வெள்ளியின் கிலோ விலையைப் பாருங்கள். ஆயிரத்தால் வகுத்தால் கிராம் விலை. ராணி ரூபாயில் சுத்த வெள்ளி 10.69 கிராம். 1940 முதல் 1945 வரை 5.83. காந்திப் பத்து ரூபாயில் 12. 1972இல் 11.25. வெள்ளி கிராம் நூறு ரூபாய் என்றால் ராணி ரூபாயின் அடிமட்டம் 1,069. அன்றைய விலைக்கு ஏற்பப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

நகைக் கடைகளில் 91.7 டச் (நூற்றுக்கு எவ்வளவு வெள்ளி என்ற தரக் கணக்கு) என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 85, 80 என்று இறங்குவார்கள். உருக்குச் சேதாரம் என்று ஒன்று கழிப்பார்கள். நம்பிக்கை இல்லாவிட்டால் மும்பையின் நகைக் கடைத் தெருவான ஜவேரி பஜாரில், எக்ஸ்ரே கதிரை வைத்து உலோகக் கலவையைச் சொல்லும் எக்ஸ்ஆர்எஃப் மெஷின் வைத்திருக்கும் கடையில் ஒரு காசை மட்டும் சோதித்து ரசீது வாங்குங்கள். நான் நூற்றைம்பது ரூபாய் கொடுத்தேன். காசை உரைக்கவோ வெட்டவோ தேவையில்லை. கல்லில் உரைக்கக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

8. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரத்துக்கு ஒரு ரத்து செய்த காசோலை. படங்களோடு பட்டியலின் அச்சுப் பிரதி. தாத்தா சொத்து என்றால் பங்குள்ளவர்கள் எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு பக்கச் சம்மதக் கடிதம். எங்கள் சித்தப்பாவிடம் இந்தக் கையெழுத்து வாங்க ஆறு வாரம் ஆனது. காசு விற்பதைவிட அதுதான் கஷ்டம் என்று சொல்வேன். முதலிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

சட்டத்தில் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நூறு ஆண்டைத் தாண்டிய காசு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. சிங்கப்பூர் மாமா கேட்கிறார் என்று கூரியர் செய்வதும், துபாய் போகும் தம்பி பையில் போட்டு அனுப்புவதும் குற்றம். அமெரிக்காவுக்கு அனுப்பி, காசின் தரத்துக்குச் சான்று வாங்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் அதற்கும் இதே பதில்தான். இன்னொன்று, காசு பெட்டியில் கிடைக்காமல் கொல்லையில் தோண்டும்போது கிடைத்திருந்தால் அது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தில் வரும். மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். "தோண்டி எடுத்தது" என்று கதையாகக்கூடக் கடையில் சொல்லி வைக்காதீர்கள்.

9. எங்கே போவது

ஜவேரி பஜார்: மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கி மேற்கே நடந்தால் மும்பாதேவி கோயில் பக்கம். ஞாயிறு விடுமுறை. வெள்ளி எடைக்குப் போகும் காசுகளுக்கு மட்டும் இந்த இடம். தழும்பு விழுந்தவை, முகம் தேய்ந்தவை, 1940களின் சாதாரணக் காசுகள். மூன்று கடையில் விலை கேட்டு நாலாவதில் கொடுங்கள். ராணிக் காசை இங்கே "ராணி சாப்" என்பார்கள். எடைக்கு இல்லை, காசுக்கு இவ்வளவு என்று பேச, "தோல்கே நஹீ, நக் கே ஹிஸாப் ஸே" என்று சொன்னால் போதும். அந்த ஒரு வரியிலேயே ஆள் உங்களைப் பார்க்கும் பார்வை மாறும்.

சோர் பஜார், மட்டன் தெரு: வெள்ளிக்கிழமை கடைகள் மூடியிருக்கும். விற்க இது இடமே இல்லை. பார்க்க நன்றாக இருக்கும். போலிகளைக் கையில் எடுத்துப் பழக இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

அசலைப் பார்த்துப் பழக வேண்டுமானால் ஃபோர்ட்டில் பி.எம். சாலையில் ரிசர்வ் வங்கியின் நாணய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். திங்கள் மூடியிருக்கும். விலை சொல்ல மாட்டார்கள், காசு வாங்கவும் மாட்டார்கள். அது அவர்கள் வேலை இல்லை. ஆனால் ஒரு மணி நேரம் கண்ணாடிக்கு முன் நின்றால் கண் பழகிவிடும்.

நாணயக் கண்காட்சிகள்: மும்பை காயின் சொசைட்டி போன்ற அமைப்புகள் நடத்துபவை. ஒரே கூரையின்கீழ் நிறைய வியாபாரிகள் இருப்பதால் மதியத்துக்குள் பத்துப் பேரிடம் விலை கேட்டுவிடலாம். முதல் நாள் விற்காதீர்கள். விலையை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். ஒரே காசுக்கு நான் கேட்ட அதிக விலை, குறைந்த விலையைப்போல இரண்டரை மடங்கு. காசை உங்கள் கண் மறைவுக்கு எடுத்துப்போக விடாதீர்கள். "உள்ளே காட்டிட்டு வர்றேன்" என்றால் நீங்களும் கூடப் போங்கள்.

இணையத்தில் போட்டிருக்கும் விலைகளைப் பார்த்து மயங்க வேண்டாம். ஐந்து லட்சம் என்று போட்டிருப்பது அவர் கேட்கும் விலை. யாரும் கொடுத்த விலை இல்லை. ஏல நிறுவனங்கள் வெளியிடும் முடிந்த ஏலப் பட்டியலைப் பாருங்கள். உங்கள் காசின் ஆண்டு, சாலை, நிலை மூன்றும் பொருந்தும் வரிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரம் போட்ட மறுநாளே ஃபோன் வரும். "உங்க காசு 12 லட்சத்துக்குப் போயிடுச்சு, ரிசர்வ் வங்கிக் கட்டணம் மட்டும் கட்டணும்" என்பார்கள். எனக்கு ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட கடிதமே வாட்ஸ்அப்பில் வந்தது. பழைய காசு, நோட்டு வியாபாரத்தில் தங்களுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. விற்பவர் முன்பணம் கட்டும் வியாபாரம் எங்கேயும் கிடையாது.

10. ஏலத்துக்குக் கொடுத்தால்

அரிதான காசுக்கு இதுவே நல்ல வழி. மும்பையிலேயே டோடிவாலா, ஓஸ்வால், ராஜ்கோர் என்று நாணய ஏல நிறுவனங்கள் இருக்கின்றன. முதலில் படங்களை மின்னஞ்சலில் அனுப்பிக் கேளுங்கள். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். என் 35இல் ஏலத்துக்குத் தேறியவை ஒன்பது.

ஒப்பந்தத்தில் ஐந்து விஷயங்களைப் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். விற்பவர் கமிஷன் எவ்வளவு, அதன் மேல் ஜிஎஸ்டி உண்டா. எனக்குப் பத்து சதவீதமும் ஜிஎஸ்டியும். குறைந்தபட்ச விலையை யார் முடிவு செய்வது. காசு அவர்களிடம் இருக்கும் நாட்களுக்குக் காப்பீடு உண்டா. விற்காவிட்டால் படம் எடுத்த செலவு, திருப்பி அனுப்பும் செலவு யார் தலையில். ஏலம் முடிந்து எத்தனை நாளில் பணம். குறைந்தபட்ச விலையை ஆசைப்பட்டு ஏற்றிவிடாதீர்கள். யாரும் கை தூக்காமல் திரும்பிவரும் காசை அடுத்த ஏலத்தில் எல்லோரும் அடையாளம் வைத்திருப்பார்கள்.

காசை ஒப்படைக்கும்போது ஒவ்வொன்றுக்கும் எடையும் படமும் உள்ள ரசீது வாங்குங்கள். "9 வெள்ளிக் காசுகள்" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்து மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

காலக் கணக்கு: மழை தொடங்கும்போது கொடுத்தேன், நவராத்திரிக்கு முன் ஏலம், தீபாவளி தாண்டிப் பணம். மகள் கல்யாணம், காலேஜ் ஃபீஸ் என்று தேதி வைத்துக்கொண்டு இந்த வழிக்கு வராதீர்கள்.

11. பணம் வாங்கும்போது

ரொக்கம் இரண்டு லட்சத்தைத் தொட்டால் வாங்கக் கூடாது. வாங்கியவருக்கு, அதாவது உங்களுக்குத்தான் அபராதம். பல தவணையாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொல்வார். ஒரே வியாபாரத்தைப் பிரித்தாலும் கணக்கு ஒன்றுதான். வங்கியிலேயே வாங்குங்கள். பெரிய தொகை வந்தால் வருமான வரிக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். பரம்பரையாக வந்த சொத்துக்கு 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை எடுத்துக்கொள்ளும் வழி உண்டு. அதற்கும் அந்தப் பழைய பட்டியல் உதவும்.

என் ஒன்பதில் ஐந்து போயின. கோபுரக் காசு குறைந்தபட்ச விலையைத் தாண்டி நல்ல விலைக்குப் போனது. அம்மா விபூதி போட்டுத் துலக்கிய விக்டோரியாக்களில் நான்கைச் சபலத்தில் சேர்த்து அனுப்பியிருந்தேன். நான்கும் கூரியரில் திரும்பி வந்தன. உங்களுக்கும் வந்தால், கூரியர்காரர் நிற்கும்போதே உறையைப் பிரித்து, எண்ணி, தராசில் போட்டு, படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள். என்னுடையவை அசல் காசுகள்தான் என்று தெரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. ராணியின் காதோரப் பள்ளத்தில் விபூதி அப்படியே இருந்தது.